நான் அடிச்சது கரடிய

அடிச்சது நெசந்தான் தம்பி, இல்லேங்கல. ஆனா யார அடிச்சேன்? அதக் கேக்க ஒருத்தர் இல்ல இந்த ராஜபாளையத்துல! நான் அடிச்சது கரடிய. பட்டது வெள்ளத்தாய்க்கு. வெள்ளத்தாய் எம் பொண்டாட்டி. அம்பத்தோரு வருசமாப் பொண்டாட்டி. அம்பத்தோரு வருசத்துல ஒரு நாளு கை நீட்டுனவனா நான்? அவதான் ரெண்டு மூணு தடவ நீட்டிருக்கா... சரி விடுங்க, அது வேற கதை, அதுல தப்பு எம்மேலதான்.

என்னது? கேக்கலையா? செத்த கிட்ட வாங்க. அந்த மூட்டைய மடியில வச்சுக்கிட்டு இப்பிடிச் சாஞ்சுக்கோங்க. எஞ் சத்தம் இப்பம் அம்புட்டுத்தான். பஸ்ஸு வேற உறுமுது. இதே தொண்டை எப்பிடி இருந்த தொண்டைங்கீங்க! முப்பத்தி நாலு வருசம் மில்லுல ஸ்பின்னிங் செக்சன். அங்க பக்கத்துல நிக்கவன்கிட்ட 'டீ குடிக்கப் போவமா'ன்னு கேக்கணும்னாலே ஊருக்குக் கேக்க மாதிரிக் கத்தணும். நான் ஒருதரம் மெசினுக்குப் பக்கத்துல நின்னு தும்முனேன். வெளிய வாட்ச்மேன் சங்கு ஊதிருச்சுன்னு மெயின் கேட்டத் தொறந்து விட்டுட்டான். ஒரு ஷிப்ட்டே வீட்டுக்குப் போயிருச்சு! ...சத்தியமா. சிரிக்காதீங்க.

நான் சிரிக்கலையேன்னு பாக்கீங்களா? நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மூஞ்சிதான் ஒத்துழைக்க மாட்டேங்கு. அதுவும் இந்த வியாதியோட சேட்டை. நடுக்குவாதம். இந்தா பாருங்க கைய, உளுந்து பொடைக்க மாதிரி. நாலு வருசமாச்சு. டாக்டர் பார்க்கின்சன்னு சொன்னாரு. யாரோ வெள்ளக்காரன் பேராம். நான் கேட்டேன், 'ஏன் சார், அவிய பூராம் நாட்ட விட்டுப் போகும்போது இதையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?'ன்னு. டாக்டர் சிரிச்சாரு. வெள்ளத்தாய் சிரிக்கல. அவளுக்கு என் பேச்சு பூராம் பழசு.

மூட்டைக்குள்ள என்ன, நைட்டியா? தளவாய்புரமா நீங்க? அதானே பாத்தேன், ஊரு பூராம் நைட்டி தைக்கிற எடமாச்சே. வெள்ளத்தாய்க்கு நைட்டியே ஆகாது. 'சாக்குக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு'ம்பா. இப்பம் கையில மாவுக்கட்டு. ரவிக்கைக்குள்ள கை நுழையல. மக அனுசியா நைட்டிய மாட்டி விட்ருக்காளாம். மக ஸ்ரீவில்லிபுத்தூர்ல, மடவார் வளாகத்துல இருக்கா. கரடி வந்த அன்னைக்குப் போனவதான் வெள்ளத்தாய், பதினோரு நாளாச்சு. நானும் போனப் போட்டுப் பாக்கேன், 'சத்தமாப் பேசுங்க, கேக்கல'ன்னு வச்சுருதா. கேக்குதோ, கேக்காத மாதிரி இருக்காளோ! அதான் பஸ் ஏறிட்டேன். இன்னைக்குக் கூட்டிக்கிட்டு வந்துரணும்.

கரடியா? சொல்லுதேன், அதுக்குத்தான வந்தேன்.

எனக்குக் கனவு வரும் தம்பி. உங்களுக்கு வர மாதிரி இல்ல. உங்களுக்குக் கனவுல நீங்க ஓடுனா, ஒடம்பு பாயில கெடக்கும். எனக்குக் கனவுல ஓடுனா காலு நெசமா ஓடும். அடிச்சா நெசமா அடிக்கும். பேசுனா, ஏ அப்பா, பழைய தொண்ட! அம்புட்டுச் சத்தமும் எங்க போயி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கோ, கனவு வந்ததும் கெளம்பிருது. கனவுல எனக்கு நடுக்கமே கெடையாது. பகல்ல சட்டப் பொத்தான் போட அரமணி நேரம். கனவுல நான் ஓடுற பஸ்ஸுல ஏறி, டாப்புக்குப் போயி, வாழத்தாரு எறக்குதேன்! தெலுங்குகூட வருது. எங்க சூப்பர்வைசர் ஒரு ராஜு, வீட்டுல தெலுங்கு பேசுறவரு, அவர்ட்ட இருபது வருசம் ஏச்சு வாங்கியும் எனக்கு 'ரா'ன்னா வா, 'போ'ன்னா போ, அதத் தாண்டி ஒண்ணும் ஏறல. கனவுல அவரையே நிக்க வச்சுத் தெலுங்குல கேள்வி கேக்கேன். பதில் சொல்ல முடியாம முழிக்காரு மனுசன்!

பீரோவுல இன்னும் பள்ளம் இருக்கு. பந்து வெளையாண்டேன் ஒரு கனவுல. கோலு போட ஓங்கி ஒதைச்சேன். கட்ட வெரலு வீங்கி நாலு நாளு செருப்பு போடல. அதுக்குப் பொறவு வெள்ளத்தாய் கட்டில வெளிய தூக்கிப் போட்டுட்டா. மெத்தை தரையில. சுத்தி தலகாணி. செம்பு, ஸ்டூலு, வெளக்கு, ஒண்ணும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கப்பிடாது. அவ பாய அந்தக் கடேசிச் செவுத்தோரம் போட்டுக்கிட்டா. 'நீரு உம்ம மைதானத்துல வெளையாடும், நான் வேடிக்க பாக்கேன்'னா. மடப் புத்தி இல்ல தம்பி அவளுக்கு. டாக்டரே பொறவு இதத்தான் சொன்னாரு, அப்பிடியே வரி வரியா.

அந்த மட்டுல போயிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. கெடுத்தது சீனிச்சாமிதான். பக்கத்து வீட்டுக்காரன். அவன் வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே செவுரு. தென்னந்தோப்புல ரெண்டு போர் போட்டு ரெண்டுலயும் தண்ணியில்லாம, பித்துப் பிடிச்சு அலஞ்சுக்கிட்டு இருந்தான். ஒரு நா விடியக்கால நான் கனவுல கத்திருக்கேன், 'தெக்க தோண்டுலே! தெக்க தோண்டு!'ன்னு. எனக்கு என்ன கனவு தெரியுமா? மில்லு மேனேஜரோட ஸ்கூட்டரப் பொதைக்கக் குழி தோண்டிக்கிட்டு இருந்தோம். அதச் செவுத்துல காத வச்சுக் கேட்டுட்டு இந்தப் பய போயி, தோப்புல தெக்கு மூலையில போரப் போட்டுட்டான். முன்னூத்தி நாப்பது அடியில பீச்சுச்சு பாருங்க தண்ணி! மேல பறந்த காக்கா நனஞ்சு போயித் தென்ன மரத்துல றெக்கயக் காயப் போட்டுச்சு.

வந்தான் மாலையோட. 'சித்தப்பா, உம்மேல சாமி வந்திருக்கு'ன்னான்.

நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கத்துல ஒரு மனுசன் கையுங் காலும் உதற, கண்ண மூடிக்கிட்டு, சத்தமா உத்தரவு போட்டா, யாரு வியாதின்னு நெனப்பா? சாமியாடிக்குக் கை நடுங்கினா அது அருளு. இந்தக் கண்ணுச்சாமிக்கு, எனக்கு நடுங்கினா மட்டும் வாதமா?

மறுநா விடியக்கால சன்னலுக்கு வெளிய எங்க தெரு சுடலையம்மாள் உக்காந்திருக்கா. மாட்டக் காணோமாம். நான் உள்ள, 'பிரேக்கப் பிடி! பிரேக்கப் பிடி!'ங்கேன். அவ நேரா பஸ் டெப்போவுக்குப் பின்னால போயிருக்கா. மாடு அங்க நின்னு சினிமா போஸ்டரத் தின்னுக்கிட்டு இருந்துச்சாம்! போச்சு. அதுக்கு மறுநா ஏழு பேரு. அடுத்த வாரம் பதினஞ்சு. பிளாஸ்க்குல டீ கொண்டாராங்க, உக்காரச் சாக்கு கொண்டாராங்க. ஒருத்தி மகளுக்கு மாப்ள பாத்திருக்கா, அது அமையுமான்னு கேக்க வந்திருக்கா. நான் 'பல்லு! பல்லப் பாரு!'ன்னு கத்துனேனாம். போயிப் பாத்திருக்காங்க, மாப்ளைக்கு முன்பல்லு ரெண்டும் கட்டுனது. சம்பந்தம் நின்னுருச்சு. பாவம் அந்தப் பய! நான் கண்டது கரடிப் பல்லு.

ஆமா, இதே கரடிதான். அது அப்பவே வர ஆரம்பிச்சிருச்சு. கனவுல செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்துல எறங்கும். இந்தா இந்த பஸ்ஸு ஒசரம் இருக்கும். ...சரி, டயரு ஒசரம்னு வைங்க. ஆனா பல்லு பெரிசு.

வெள்ளத்தாய்க்குக் கோவம்னா கோவம். வாளித் தண்ணிய எடுத்துச் சன்னல் வழியா ஊத்துனா. 'அந்தாளுக்குச் சாமியும் இல்ல பூதமும் இல்ல, நரம்புல கோளாறு, எந்திரிச்சுப் போங்க!'ன்னா. சீனிச்சாமி அந்தத் தண்ணியத் தலையில தடவிக்கிட்டான். தீர்த்தம்னு!

எனக்கா? எனக்கு... சந்தோசமாத்தான் இருந்துச்சு தம்பி. மறைப்பானேன். பகல்ல நான் பேசுனா எதுத்தாப்ல இருக்கவன், 'என்னது, என்னது'ன்னு ரெண்டு தடவ கேப்பான். மூணாவது தடவ கேக்காமயே தலையாட்டிட்டுப் போயிருவான். டீக்கடையில நான் ஒரு கதைய ஆரம்பிச்சு, கொக்கி போட்டு, இழுத்துக்கிட்டு வந்து முடிக்கப் போற நேரம் பாத்தா, பெஞ்சுல ஆளிருக்காது. எங்கதையக் கேக்க ஷிப்ட்டு மாறி நின்ன ஆளுக இருக்காங்க தம்பி, ஒரு காலத்துல! இப்பம் விடியக்கால பதினஞ்சு பேரு, ஒரு சொல்லு விழாதான்னு சன்னல்ல காத வச்சுக்கிட்டு... நான் முழிச்சதும் என்னென்ன சொன்னேன்னு எனக்கே திருப்பிச் சொல்லுவாங்க. யாருக்குக் கெடைக்கும்?

அந்தாளு எறங்கட்டும், கால மடக்கிக்கோங்க.

எங்க விட்டேன்? ம்... சன்னல்ல சனம். பொறவுதான் மதுரை. வெள்ளத்தாய் மகளோட செல்லுல என்னய வீடியோ எடுத்துக்கிட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டர்ட்ட. அன்னைக்குத்தான் நானே என்னயப் பாத்தேன். என்னா வேகம்! என்னா குத்து! 'சார், இன்னொரு தரம் போடுங்க'ன்னேன். டாக்டர் அவகிட்டத்தான் பேசுனாரு. தூங்கும்போது ஒடம்பு பூட்டிக் கெடக்கணுமாம். கனவு மண்டைக்குள்ளயே ஓடி முடிஞ்சிரணுமாம். எனக்கு அந்தப் பூட்டு கழண்டு போச்சாம். இந்த வியாதிக்காரங்கள்ல நெறையப் பேருக்கு அப்பிடித்தானாம். படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. சின்னது, கடுகு மாதிரி. 'மாத்திரை கேக்குதான்னு பாப்போம். கேக்கலைன்னா கூட்டலாம். ஆனா கூட்டுனா பகல்ல தள்ளாட்டம் வரும், விழுந்துருவாரு, யோசிச்சுத்தான் கூட்டணும்'னாரு.

போட்டேன். நாலு நாளு. கேட்டுச்சான்னு கேக்கீங்களா? கனவு வந்துருக்கும்போல, ஆனா உள்ளயே வந்துட்டு உள்ளயே போயிருச்சு. நான் கட்டையாக் கெடந்தேன். சன்னலுக்கு வெளிய நாலு நாளு காத்துக் கெடந்தாங்க. அஞ்சாம் நாளு காலையில சீனிச்சாமி சாக்கத் தட்டி எடுத்துக்கிட்டு, 'என்ன சித்தப்பா, சாமி மலையேறிருச்சா?'ன்னான். போற போக்குல கேட்டுட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு மறுநா விடியக்காலதான் கரடி வந்துச்சு.

என்னா? ...மாத்திரை போட்டும் எப்பிடி வந்துச்சுன்னா? நல்ல கேள்வி. நீங்க நைட்டி யாவாரமே பாத்திருக்க வேண்டாம், வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். ...அது கரடி தம்பி, மாத்திரையா மந்திரமா, அதுக்கு என்ன தெரியும்? வந்துருச்சு. தோப்புக்குள்ள நான் ஓடுதேன். ஓடுதேன்னா, காத்து காதுல விசிலடிக்கி! அது பின்னாலயே வருது. திரும்பி நின்னேன். 'ரா!'ன்னேன். வந்துச்சு. வலது கையால விட்டேன் ஒண்ணு. படார்னு சத்தம். முழிச்சுப் பாக்கேன், வெள்ளத்தாய் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அழக்கூட இல்ல. என் மூஞ்சியவே பாக்கா. எலும்பு விரிஞ்சிருச்சு.

இப்பம் மருமகன் பாண்டிச்செல்வம் போன் பண்ணுதான். அவன் போலீசுல ஏட்டு. மாமனார்ட்டயும் விசாரணை மாதிரித்தான் பேசுவான். 'மாமா, மாத்திரை கேக்கல. வியாழக்கிழமை மதுரைக்குப் போறோம், கூட்டித் தரச் சொல்லப் போறோம். அதுக்கும் கேக்கலைன்னா அத்தை இனி இங்கதான். நீங்க கெழக்க ஒண்ணு, அவிய மேற்க ஒண்ணு. வேற வழியில்ல'ங்கான். எப்பிடி இருக்கு! அம்பத்தோரு வருசத்த ஒரு கடுகு மாத்திரையில பிரிச்சு விடுதான்.

அதான் ஒரு மூணு கதை யோசிச்சு வச்சிருக்கேன் அவகிட்டச் சொல்ல. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க, எது எடுபடும்னு. ஒண்ணாவது, கரடி அவளத்தான் தூக்கப் பாத்துச்சு, நான் காப்பாத்தப் போனேன். ரெண்டாவது, மருந்துக் கடைக்காரன் மாத்தி வேற மாத்திரையக் குடுத்துட்டான்... அது வேண்டாங்கீங்களா? ஆமா, பாவம், அவன் நல்ல பய. மூணாவது, ஆண்டாள் கனவுல வந்து... ம்? ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ள போயி ஆண்டாள் பேருல பொய் சொல்லக்கூடாதுங்கீங்க. அதுவும் சரி.

ஆனா ஒண்ணு தம்பி, இந்தப் பதினோரு நாளா நான் அந்த மாத்திரையப் போடுதேன். தெனமும். ஒரு கனவு வெளிய வரல. தலகாணி வச்ச எடத்துல இருக்கு. டோஸெல்லாம் கூட்ட வேண்டாம், இதுவே போதும்! இத அவகிட்டச் சொன்னா நம்பணும்ல? 'அப்பம் அன்னைக்கு மட்டும் ஏன் கேக்கல?'ம்பா. உங்கள மாதிரியே கேப்பா. அதுக்கு...

...அப்பிடிப் பாக்காதீங்க.

...ரோசாத் தொட்டி ஒண்ணு இருக்கு, சன்னல் கம்பியோரத்துல. அஞ்சாம் நா ராத்திரி அவ மாத்திரையும் தண்ணியும் குடுத்தா. நாக்குக்கு அடியில ஒதுக்கிட்டுத் தண்ணியக் குடிச்சேன். அவ அந்தப் பக்கம் திரும்பவும் தொட்டியில துப்பிட்டேன். அம்புட்டுத்தான். ஒரே ஒரு நா. இன்னொரு விடியக்கால அந்தச் சனம் வந்து உக்காரட்டுமே, இன்னொரு தரம் என் சத்தத்தக் கேக்கட்டுமேன்னு... அந்த ரோசாச் செடி இப்பம் எம்புட்டுக் காத்தடிச்சாலும் அசைய மாட்டேங்கு தம்பி, அசந்து தூங்குது. ...சரி, இது பொய். துப்புனது நெசம்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அத யார்ட்டயும் சொல்லல.

அவ பாயி கடேசிச் செவுத்தோரம் கெடந்துச்சுன்னேன்ல. எட்டு மாசமா அங்கதான். பந்துக்குப் பொறவு. அன்னைக்கு ராத்திரிதான் பாய உருட்டி எடுத்துக்கிட்டு எம் பக்கத்துல கொண்டாந்து போட்டா. 'நாலு நாளா நல்லாத் தூங்குதீரு, மாத்திரை கேக்குது, இனி என்ன பயம்'னா. நான் துப்பிட்டு வாயத் தொடச்சுக்கிட்டு நிக்கேன். 'ஏட்டி, அங்கயே படு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? சொன்னா 'ஏன்'னு கேப்பா. அந்த 'ஏன்'னுக்குப் பயந்து பேசாமப் படுத்துட்டேன். வாழ்நாள் பூராம் வாய மூடாதவன், வாயத் தொறக்க வேண்டிய ஒரு நாளு மூடிக்கிட்டேன்.

என்ன கதையச் சொல்ல? ...அதையேவா? அப்பிடியே சொல்லணுமா? தம்பி, அது கதையே இல்லயே. அதுல ஒரு அழகு இல்ல, ஒரு திருப்பம் இல்ல. துப்புனேன், அடிச்சேன், முடிஞ்சுபோச்சு. இதப் போயி ஒரு மனுசன் எப்பிடி எடுத்துச் சொல்லுவான்?

ஏ, மடவார் வளாகம் வந்துருச்சா? இருங்க... கண்டக்டரே, எறங்கணும்! கேக்குதா அவருக்கு? நீங்க ஒரு சத்தம் குடுங்க தம்பி. ஆங். இந்தா எந்திரிச்சிட்டேன். அந்தா நிக்கா பாருங்க கீழ, கட்டுப் போட்டுக்கிட்டு. அவதான். மக சொல்லிருப்பா நான் வாரேன்னு. என்ன மொறைப்பு! ...இருங்க, இருங்க. காலு ஒட்டிக்கிருச்சு. இது அதே வியாதியோட வேற சேட்டை, இத நான் உங்ககிட்டச் சொல்லவே இல்ல, படியக் கண்டா காலு ஒட்டிக்கிரும், பசை போட்ட மாதிரி. கண்டக்டரே, விசிலு ஊதாதீரும்! ஊதுனா இன்னும் ஒட்டும்!

வெள்ளத்தாயி! ...ஏட்டி, வெள்ளத்தாயி! மாத்திரை கேக்குது! டோஸு கூட்ட வேண்டாம்! அன்னைக்கு நாந்தான்... நாந்தான் துப்பி...

கேக்கலையாம். கையக் காதுல வைக்கா.

தம்பி, நீங்க சொல்லுங்க. ஆமா, நீங்கதான். அம்புட்டு நேரமா எல்லாத்தயும் கேட்டீங்கல்ல, இந்த ஒண்ணச் சொல்லிருங்க. 'அந்தாளு மாத்திரைய முழுங்காமத் துப்பிட்டாராம், கனவு மேல ஆசப்பட்டு, நீங்க பக்கத்துல படுப்பீங்கன்னு தெரிஞ்சும் சொல்லலையாம்'னு. சத்தமா. வேற ஒண்ணும் சேக்காதீங்க, கரடியெல்லாம் வேண்டாம். பஸ்ஸு பூராம் கேட்டா கேக்கட்டும், பரவாயில்ல, சொல்லுங்க...

...

நல்ல சத்தம் தம்பி உங்களுக்கு. மில்லுக்கு வந்திருக்க வேண்டிய ஆளு.

வாரா... படிகிட்ட வாரா. கையத் தூக்குதா! நான் கண்ண மூடிக்கிடுதேன், என்ன நடக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க... என்னது? ...நீட்டுதாளா? எறக்கி விடவா? எங்க... அட, ஆமா! இந்தா, காலு வந்துருச்சு, ஒண்ணு... ரெண்டு... வாரேன் தம்பி! நீட்டுனது இடது கை, பாத்துக்கிட்டீங்கல்ல? வலது கைக் கட்டு அவுக்க இன்னும் நாலு வாரம் இருக்கு. அது வரைக்கும் நான் பொழச்சேன்!